இ.எம்.ஐ.க்கு ஆடி மாதம் தெரியாது: கடனோடு இருப்பவர்கள் அழகுக்கலைத் தொழிலுக்கு மாற ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஏழு வருடம் எட்டு மாதம் வேலை பார்த்தேன். கைக்கு வந்த சம்பளம் 28,000 ரூபாய். இன்று மணப்பெண் அலங்காரம்தான் என் முழுநேரத் தொழில். மாற வேண்டும் என்று முடிவு செய்த அன்று எனக்கு ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான கடன் இருந்தது. அதை முழுக்க அடைத்துவிட்டு வேலையை விடவில்லை. அதைக் கண்டுகொள்ளாமலும் விடவில்லை. முடிவெடுத்த நாளிலிருந்து கடைசி வேலை நாள் வரை இருபது மாதம் ஆயிற்று. அந்த இருபது மாதத்தில் செய்ததையும், செய்யத் தவறியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளக்காரருக்கு வரவும் தவணையும் ஒரே காலண்டரில் ஓடும். ஒன்றாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. மணப்பெண் அலங்காரத்தில் வரவு பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வரும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று பேர் கூப்பிடுவார்கள். வங்கிக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். இந்தத் தொழிலுக்கு வந்து கடனில் சிக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாருக்கும் கைவேலையில் குறை இல்லை. இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இறங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் படி: கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதுங்கள்

வங்கிக் கடன் மட்டும் கடன் இல்லை. எடுத்துவிட்ட சீட்டு, அடகில் இருக்கும் நகை, மகளிர் குழுக் கடன், நாத்தனாரிடம் வாங்கிய கைமாற்று, மளிகைக் கடைப் பாக்கி எல்லாமே அந்தத் தாளில் வர வேண்டும். என் தாள் இப்படி இருந்தது:

தனிநபர் கடன்: பாக்கி 2,10,000 ரூபாய், வட்டி 15 சதவீதம், மாதம் 7,300.
கிரெடிட் கார்டு: பாக்கி 64,000, வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 3,200.
தனியார் அடகில் 5 பவுன்: 1,20,000, வட்டி மாதம் ஒன்றரை சதவீதம், அதாவது 1,800.
எடுத்துவிட்ட சீட்டு: இன்னும் பத்து மாதம், மாதம் 5,000.
நாத்தனாரிடம் கைமாற்று: 40,000, வட்டி இல்லை.

மொத்தம் 4,84,000. மாதாமாதம் வெளியே போனது 17,300. வாடகையும் மளிகையும் கணவர் சம்பளத்தில் ஓடியதால்தான் தாக்குப்பிடித்தோம்.

எழுதி முடித்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். வேலையை விடப்போகிறவர் கவனிக்க வேண்டியது மாதம் எவ்வளவு போகிறது, அது எந்த மாதத்தில் குறையும் என்பதைத்தான். 2,10,000 பாக்கி என்னைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. கார்டுதான் செய்தது. 64,000-க்கு மாத வட்டி மட்டும் 2,240. நான் கட்டிய 3,200-ல் அசலுக்குப் போனது ஆயிரம்கூட இல்லை. அதோடு, பாக்கி வைத்துக்கொண்டே கார்டைத் தேய்த்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை பாக்கி வைக்காதவருக்குத்தான்.

இந்தத் தாளை வீட்டில் காட்டுங்கள். நான் மூன்று வாரம் கைப்பைக்குள் மறைத்து வைத்திருந்தேன். ஒருநாள் இரவு கணவரிடம் நீட்டியபோது, "கார்டுல இவ்வளவா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் பேனாவை எடுத்து, எனக்குத் தெரியாமல் அவர் நண்பரிடம் வாங்கியிருந்த 15,000-ஐயும் கீழே எழுதினார்.

இரண்டாம் படி: சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே கடனை மாற்றி அமையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வேலையை விட்ட மறுநாளே வங்கியின் பார்வையில் நீங்கள் வேறு ஆள். நிலையான வருமானச் சான்று இல்லாதவருக்கு வட்டி கூடும், அல்லது கடனே கிடைக்காது. அதனால் அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவதெல்லாம் விடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். நகையை அடகு வைத்த காலத்தைவிடத் தங்கத்தின் விலை நன்றாக ஏறியிருந்தது. தோழியிடம் இரண்டு நாளுக்குக் கைமாற்று வாங்கி, தனியார் அடகைத் திருப்பி, அதே 5 பவுனை வங்கியில் வைத்தேன். பத்து சதவீத வட்டிக்கு 1,70,000 கிடைத்தது. தோழிக்கு 1,20,000 போக மிஞ்சிய 50,000-ஐயும் தீபாவளி போனஸில் 14,000-ஐயும் கார்டில் போட்டு அதை முடித்தேன். முன்பு அடகுக்கும் கார்டுக்கும் சேர்த்து மாத வட்டி 4,040. இப்போது 1,420. மாதாமாதக் கட்டாயம் 17,300-லிருந்து 13,700 ஆனது.

இதில் ஆபத்தும் உண்டு. நகைக்கடனை அப்படியே விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். வங்கி நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தீர்க்க வேண்டும், அல்லது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள். கார்டை முடித்ததும் வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் 20,000 ஆக்கினேன்.

தனிநபர் கடனை முன்கூட்டி அடைக்க நினைத்தால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் தனிநபர் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் இருக்கும், அதற்குக் கட்டணம் கேட்பார்கள்.

"வேலையில் இருக்கும்போதே பெரிய லோன் ஒன்று போட்டு வைத்துக்கொள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொழில் தொடங்குமுன்பே தவணை ஓடத் தொடங்கிவிடும்.

மருத்துவக் காப்பீடும் இதே நேரத்தில் முடிய வேண்டிய வேலை. கம்பெனி தரும் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கும் அது நீண்ட நாள் தொடராது. ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தனிக் காப்பீட்டில் மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பதால், அந்தக் கடிகாரம் எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்.

மூன்றாம் படி: எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

அழகுக்கலை என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றிலும் பணம் வருவது வேறு மாதிரி. பார்லரில் வேலைக்குச் சேர்ந்தால் மாதச் சம்பளம், தொடக்கத்தில் குறைவாக இருக்கும், ஆனால் தேதிக்கு வரும். வீட்டிலேயே த்ரெட்டிங், வேக்சிங், ஃபேஷியல் செய்தால் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மணப்பெண் அலங்காரத்தில் மொத்தமாக வந்து மொத்தமாக நிற்கும். மெஹந்தி, சேலை பிளீட்டிங் (சேலையை முன்கூட்டியே மடித்து இஸ்திரி போட்டுத் தருவது), நகக்கலை எல்லாம் நடுவில்.

கடன் இருப்பவர் மணப்பெண் அலங்காரத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. த்ரெட்டிங் சின்ன வேலை என்று நினைப்பார்கள். ஆனால் புருவத்துக்கு வருகிறவர் மூன்று, நான்கு வாரத்தில் திரும்ப வருவார், ஆடியிலும் வருவார். தவணையைக் காப்பாற்றுவது அந்த நூல்தான்.

நான்காம் படி: கற்றுக்கொள்ளக் கடன் வாங்காதீர்கள்

இங்கேதான் எனக்கு அடி விழுந்தது. ஒரு அகாடமியில் 45,000 கட்டினேன், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பத்து லைவ் மாடல் என்று சொன்னார்கள். ஆறு வாரத்தில் என் கைக்குக் கிடைத்தது இரண்டு முகம். மற்ற நாளெல்லாம் ஒரு மாடலைச் சுற்றிப் பதினான்கு பேர் நின்று போனில் வீடியோ எடுத்தோம். பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததை நான் படிக்கவில்லை.

ஆகவே, இலவசமாகவோ குறைந்த செலவிலோ கற்க முடிகிற இடங்களை முதலில் பாருங்கள். வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் கிராமப்புற இளைஞர்களுக்கு ஒரு மாத அளவிலான பியூட்டி பார்லர் பயிற்சியை உணவோடு இலவசமாகத் தருகிறார்கள். அரசு மகளிர் ஐ.டி.ஐ. சிலவற்றில் ஒரு வருட காஸ்மெட்டாலஜி படிப்பு உண்டு. வேலையில் இருப்பவருக்கு அது ஒத்துவராது, ஆனால் உங்கள் தங்கைக்கு ஒத்துவரலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகம்) அலுவலகத்தில் அழகுக்கலைப் பயிற்சி அறிவிப்பைக் கேளுங்கள். தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் சில நாள் பயிற்சிகளை நடத்துகிறது.

தனியார் அகாடமிக்குப் போவதென்றால் சேருவதற்கு முன் ஒரு முழு வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர், என் கையால் எத்தனை முகம் செய்வேன், பொருட்கள் யாருடையவை, பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்ற நான்கு கேள்விக்கும் பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். சர்வதேசச் சான்றிதழ் என்று அதிகக் கட்டணம் கேட்பார்கள். சிடெஸ்கோ போன்ற சான்றிதழ் வெளிநாட்டு வேலைக்கும் பெரிய ஸ்பாவுக்கும் உதவும். பல்லடத்தில் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் அதைக் கேட்டதே இல்லை. போட்டோவைத்தான் கேட்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் இருபத்தைந்து முகங்களில் இலவசமாகப் பழகுங்கள். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, காலேஜ் போகும் பெண் என்று வேறு வேறு நிறம், வேறு வேறு வயது. நம் ஊரில் பெரிய சிக்கல், நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய ஃபவுண்டேஷனைப் போடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நெருக்குவது. போட்டுவிட்டால் நேரில் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். ஃபிளாஷ் அடித்ததும் முகம் சாம்பல் பூத்த மாதிரி, கழுத்து வேறு ஆளுடையது மாதிரி ஆல்பத்தில் நிரந்தரமாக நிற்கும். தாடையிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்து, வெயிலில் நிறுத்தி, எது தோலோடு கரைகிறதோ அதை எடுங்கள். ஒவ்வொரு முகத்தையும் ஃபிளாஷோடு ஒன்று, ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்துச் சேமியுங்கள். அதுதான் உங்கள் முதல் ஆல்பம்.

ஐந்தாம் படி: வேலையில் இருந்துகொண்டே தொடங்குங்கள், சேலையிலிருந்து

வேலை நியமனக் கடிதத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது என்ற வரி பலரின் கடிதத்தில் இருக்கும். இருந்தால் மேலாளரிடம் பேசி அனுமதி வாங்குவது நல்லது. நான் கேட்டேன். ஆபீஸ் நேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சரி என்றார்கள்.

குறைந்த முதலில் தொடங்க சேலை பிளீட்டிங்தான் சிறந்த வழி. நல்ல அயர்ன் பாக்ஸ், நீள மேஜை, கிளிப், ஊக்கு, மெல்லிய பருத்தித் துணி இருந்தால் போதும். எனக்கு ஆன செலவு 4,000-க்குள். மணப்பெண்ணின் உயரம், இடுப்புச் சுற்றளவு, தோளிலிருந்து இடுப்பு வரை உள்ள அளவு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று போடப்போகும் செருப்பின் குதிகால் உயரத்தையும் கேளுங்கள். நான் கேட்க மறந்த ஒரு கல்யாணத்தில் சேலை கணுக்காலுக்கு மேல் நின்றது. காஞ்சிப் பட்டில் முந்தானை மடிப்பை நாலு விரல் அகலத்தில் எடுத்து, கரை மேலே தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக அடுக்க வேண்டும். ஜரிகையில் இஸ்திரி நேராகப் படக் கூடாது. பருத்தித் துணியை மேலே விரித்து, சூட்டைப் பட்டுக்கு உரிய அளவில் வைத்து அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். ஊக்கு குத்தும் இடத்தில் சின்னத் துண்டுத் துணி வைத்துக் குத்தினால் பட்டு இழுபடாது. கடைசியில் பெட்டி மாதிரி மடித்துக் கொடுத்தால் வெளியூருக்கும் கூரியரில் போகும்.

ஒரு சேலைக்கு 300 ரூபாய் வாங்கினேன். வாரம் எட்டுச் சேலை, இரவு எட்டு மணிக்கு மேல். முகூர்த்த மாதத்தில் பதினைந்துகூட வரும். அதைவிடப் பெரிய லாபம், ஒவ்வொரு சேலையும் ஒரு கல்யாண வீட்டிலிருந்து வருகிறது. சேலையைத் திருப்பி வாங்க வரும் அம்மாவே, "ரிசப்ஷனுக்கு மேக்கப்பும் நீயே பண்ணுவியாம்மா?" என்று கேட்பார். எனக்கு முதல் நான்கு மணப்பெண்களும் அப்படித்தான் வந்தார்கள்.

மேக்கப் பெட்டியை ஒரே நாளில் வாங்காதீர்கள். மூன்று நான்கு ஃபவுண்டேஷன் நிறங்களை வாங்கிக் கலக்கத் தெரிந்தால் பெரும்பாலான முகங்களுக்குப் போதும். முதலில் பணம் போட வேண்டியது பிரஷ், செட்டிங் பவுடர், நல்ல பிரைமர். ஐம்பது நிற ஐஷேடோ பலகை பிறகு. நான் மூன்று தவணையாக, வந்த வருமானத்தில் மட்டும் வாங்கி 32,000-க்குள் பெட்டியை நிரப்பினேன். கார்டைத் தொடவில்லை. சுத்தத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். லிப்ஸ்டிக்கைத் தட்டையான கரண்டியால் எடுத்துப் போடுவது, மஸ்காராவுக்கு ஒருமுறைப் பிரஷ், ஒவ்வொரு முகத்துக்குப் பிறகும் பிரஷ் கழுவுவது இதெல்லாம் முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும்.

ஆறாம் படி: விடுவதற்கான மாதத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடியுங்கள்

மூன்று கணக்குகள்.

முதல் கணக்கு, கட்டாயத் தொகை. என் சீட்டு முடிந்ததும் மாதக் கட்டாயம் 13,700-லிருந்து 8,700-க்கு இறங்கியது. வீட்டுக்கு என் பங்கு 8,000, காப்பீடு 1,300. மொத்தம் 18,000. சீட்டு முடிவதற்கு முன்பே விட்டிருந்தால் 23,000 தேவைப்பட்டிருக்கும். உங்கள் தாளிலும் இப்படி ஒரு கடன் முடியும் மாதம் இருக்கும். அதைத் தேடுங்கள்.

இரண்டாவது, கையிருப்பு. ஆடி, புரட்டாசி, மார்கழி என்று மூன்று வறண்ட மாதம். உடம்புக்கு முடியாமல் போவது, வீட்டில் துக்கம் என்று எதிர்பாராததற்கு இன்னொரு மூன்று மாதம். ஆறு மாதக் கட்டாயத் தொகை, என் கணக்கில் 1,08,000, தனிச் சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும். கார்டிலும் சீட்டிலும் மிச்சமான பணமும் பகுதிநேர வருமானமும் சேர்ந்துதான் இது தேறியது.

மூன்றாவது, தொழிலின் நிஜ லாபம். ஒரு மணப்பெண்ணுக்கு ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து 15,000 வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் தேய்மானம் 1,800, உதவிக்கு வரும் பெண்ணுக்கு 1,500, வண்டி 1,000, பூவும் ஜடைச் சாமானும் 800. மிச்சம் 9,900. இந்த 9,900-ஐத்தான் வருமானமாக எழுத வேண்டும். அட்வான்ஸை எழுதவே கூடாது, அது வேலை முடியும்வரை அந்த வீட்டார் பணம்.

பகுதிநேரமாகச் செய்த பன்னிரண்டு மாத லாபத்தைக் கூட்டிப் பாருங்கள். கண்டிப்பாக ஒரு ஆடியும் ஒரு மார்கழியும் அதற்குள் வர வேண்டும். தை மாசி இரண்டை மட்டும் பார்த்துவிட்டு யாரும் ராஜினாமா எழுதக் கூடாது. அந்தக் கூட்டுத்தொகை, ஒரு வருடக் கட்டாயத் தொகையில் பாதியைத் தாண்டினால் இறங்கலாம் என்று நான் வைத்துக்கொண்டேன். எனக்கு வருடக் கட்டாயம் 2,16,000. பகுதிநேர லாபம் 1,31,000 வந்தது. விடுமுறை நாளிலும் இரவிலும் மட்டும் பாதியைத் தாண்டுகிறது என்றால், முழு நேரமும் கிடைத்தால் மீதியை எட்ட வழி இருக்கிறது. எட்டவில்லையென்றால் இன்னொரு வருடம் பொறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏழாம் படி: வெளியேறும் நாள்

தீபாவளி போனஸ் வாங்கி, மார்கழி முடிய நோட்டீஸ் காலத்தை முடித்து, தை பிறக்கும்போது முழுநேரமாக இறங்குவது நல்ல கணக்கு. ஆனி முடிவில் விடுவது மோசமான கணக்கு. முதல் மாதமே ஆடியாக வந்து நிற்கும்.

நிரந்தர ஊழியராக ஐந்து வருடம் தொடர்ந்து முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போன துண்டு வருடம் முழு வருடமாகும். எனக்கு 16,000 அடிப்படை, எட்டு வருடக் கணக்கு, 73,846 வந்தது. நாலரை வருடத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள் என்பேன். ஐந்து வருடப் பணி முடியாமல் எடுத்தால் வரி வரும். பத்து வருடம் சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி என்பதால், பின்னால் வேறு வேலைக்குப் போக நேர்ந்தால் பழைய வருடங்கள் கைகொடுக்கும். பி.எஃப்.போடு சேர்ந்து வரும் 7 லட்சம் வரையிலான ஆயுள் காப்பீடு நின்றுபோகும் என்பதால், வீட்டில் உங்கள் வருமானத்தை நம்பியவர்கள் இருந்தால் தனியாக ஒரு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுத்துவிடுங்கள்.

பணிக்கொடையை நான் என்ன செய்தேன்? நாத்தனாருக்கு 40,000 கொடுத்தேன். வட்டியில்லாக் கடனை முதலில் அடைப்பது கணக்குப்படி தப்பு. ஆனால் அவர்கள் மகள் காலேஜில் சேரும் வருடம் அது. மீதியை நகைக்கடன் அசலில் போட்டேன்.

எட்டாம் படி: முதல் வருடம்

ட்ரையல், அட்வான்ஸ், ரத்து இந்த மூன்றுக்கும் எழுத்தில் விதி வையுங்கள். நான் பாதி அட்வான்ஸ் வாங்குகிறேன். தேதியை மாற்றினால் அட்வான்ஸ் அப்படியே தொடரும், ரத்தானால் திரும்பாது. துக்கத்தால் நின்ற கல்யாணத்துக்கு மட்டும் திருப்பித் தருவேன். ட்ரையல் அன்றே காதுக்குப் பின்னால் மேக்கப் பொருளைக் கொஞ்சம் தடவி, ஒவ்வாமை வருகிறதா என்று ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகூர்த்தம் நாலரை ஆறு என்றால் நாம் மண்டபத்தில் இரவு ஒன்றரைக்கு இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்வர நம்பகமான வண்டி, தெரிந்த டிரைவர், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். இந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்க்கத் தயங்காதீர்கள்.

பணம் வந்த அன்றே பிரியுங்கள். நான் தொழிலுக்கென்று ஒரு கணக்கு, தவணைக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். செலவு போக மிஞ்சுவதில் பாதி நேராகத் தவணைக் கணக்குக்குப் போகும். எல்லா இ.எம்.ஐ.யும் அங்கிருந்துதான் பிடித்தமாகும். தை முடியும்போது அதில் மூன்று மாதத் தவணை நின்றால்தான் எனக்கு நிம்மதி.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அன்றே செய்துவிடலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வருமான வரிக் கணக்கை மட்டும் முதல் வருடத்திலிருந்தே தாக்கல் செய்யுங்கள். நாளைக்கு வங்கி கேட்பது அதைத்தான்.

கடை எப்போது? இரண்டு வருடத்துக்குப் பிறகு என்பேன். அட்வான்ஸ், உள் அலங்காரம், நாற்காலி, ஏசி என்று பழைய கடனைவிடப் பெரிதாகப் போகும். அப்போது மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு உண்டு. பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம். முத்ரா கடனில் 50,000 வரை உள்ள சிசு பிரிவு சின்னத் தேவைக்குப் போதும், பிணை கேட்கக் கூடாது. எதுவானாலும் பழைய தவணை தவறியிருந்தால், கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று வங்கி பார்க்கும் சிபில் மதிப்பெண்ணில் அடிபடும். முதல் வருடம் தவணை தவறாமல் இருப்பது இதற்காகவும்தான்.

தவணை கட்ட முடியாத மாதம் வந்தால்

வரலாம். வந்தால் தேதிக்கு முன்பே வங்கிக்குப் போய் எழுதிக் கொடுங்கள், தவணைக் காலத்தை நீட்டக் கேளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டினால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இ.எம்.ஐ. கட்டுவதற்காக ரன் வட்டி, மீட்டர் வட்டி, போன் ஆப் கடன் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஏற்கெனவே சிக்கியிருந்தால் போலீஸிலோ கலெக்டர் அலுவலகத்திலோ மனு கொடுங்கள். அந்தக் கடனை அடைக்க மட்டும் பி.எஃப்.பைத் தொடலாம் என்பேன்.

பார்லரில் வாரத்தில் மூன்று நாள் பகுதிநேரமாக நிற்பதற்கும் தயங்காதீர்கள். என் முதல் புரட்டாசி அப்படித்தான் ஓடியது.

முதல் ஆடி

ஆடியில் சும்மா உட்காராதீர்கள். நிக்காஹ் ஆடி பார்ப்பதில்லை, ரமலான் மாதத்தில் குறையும். தேவாலயக் கல்யாணங்களும் ஆடி பார்ப்பதில்லை, தவக்காலத்தில் குறையும். என் முதல் ஆடியில் மூன்று நிக்காஹ், ஒரு சர்ச் கல்யாணம், நாள்தோறும் த்ரெட்டிங் என்று 19,400 தேறியது. மார்கழியில் பரதநாட்டிய மாணவிகளுக்கு மேடை மேக்கப் கிடைக்கும், இப்போதே நடனப் பள்ளி ஒன்றில் பேசி வையுங்கள். ஆடித் தள்ளுபடியில் தீர்ந்துபோன பொருளை மட்டும் வாங்குங்கள். பிரஷ்களை எல்லாம் கழுவிக் காயவையுங்கள். அப்புறம் பஞ்சாங்கத்தில் ஆவணிப் பக்கத்தைத் திறந்து முகூர்த்த நாட்களை டைரியில் எழுதி, காலியாக இருக்கும் தேதிகளுக்கு, போன தையில் சேலை மடிக்கக் கொடுத்த வீடுகளுக்குப் போன் செய்யத் தொடங்குங்கள்.